ஃபே கேட்ட விலை: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். ரோல்பிளேயிங் ஆட்டங்களில் ஃபே எனப்படும் மாயக்குலத்தாரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களே அந்தப் பொருள். புதிய வாசகர்களுக்காக ஒரு குறிப்பு: மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பேச, டிஎம் என்று அழைக்கப்படும் ஆட்ட நடத்துநர் வழிப்போக்கன் முதல் வனத்தரசி வரை மற்ற எல்லாருக்கும் குரல் கொடுப்பார், ஒரு செயல் பலித்ததா இல்லையா என்ற ஐயம் எழுந்தால் பகடை தீர்த்துவைக்கும். ஃபே என்போர் பொன்னுக்கு மயங்காதவர்கள், கொடுத்த சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள், அந்தச் சொல்லையே வலையாக விரிக்கத் தெரிந்தவர்கள்.

கேள்வி: வனத்தரசி ஒருத்தி என் கேரக்டரிடம் "உன் பெயரைத் தருகிறாயா?" என்று கேட்டாள். நான் பெயரைச் சொன்னேன். உடனே டிஎம், "உன் பெயர் இப்போது அவளுடையது, இனி யாராலும் உன்னைப் பெயர் சொல்லி அழைக்க முடியாது" என்று அறிவித்துவிட்டார். இது நியாயமா?

பதில்: அந்தப் பொறி ஆங்கிலத்தில் பிறந்தது. அம்மொழியில் பெயர் கேட்பதற்கான பணிவான வழக்கே "பெயரைப் பெற்றுக்கொள்ளலாமா" என்ற பொருள்பட அமைந்திருப்பதால், கேட்பவர் காதில் அது வெறும் உபசாரமாக விழுகிறது. பொறி அதற்குள் ஒளிந்துகொள்கிறது. தமிழில் நாம் பெயரைச் சொல்கிறோமே ஒழிய யாரும் தருவதில்லை. ஆகவே "தருகிறாயா" என்ற சொல் வந்தபோதே காதில் உறுத்தியிருக்க வேண்டும் என்று உங்கள் டிஎம் சார்பில் ஒருவர் வாதாடலாம். ஆனால் நீங்கள் பெயரைச் சொன்னீர்கள், தரவில்லை. அரசி சொல்லின் எழுத்துக்குக் கட்டுப்பட்டவள் என்றால் அந்தக் கட்டு அவளையும்தானே இறுக்க வேண்டும்? இந்த வாதத்தை டிஎம்மிடம் தனியே வைத்து மனம் கசந்துகொள்வதைவிட, அடுத்த செஷனில், அதாவது அடுத்த ஆட்ட அமர்வில், அரசியின் அவையிலேயே, உங்கள் கேரக்டரின் வாயால், பெயரற்றவனாக நின்று எடுத்துவையுங்கள். அந்தக் காட்சிக்கு இடங்கொடாத டிஎம்மை நான் கண்டதில்லை.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தமிழில் ஆடும் பல குழுக்கள் ஆங்கிலப் பொறிகளை அப்படியே தூக்கிவந்து வைத்துவிட்டு, அவை ஏன் ஒட்டவில்லை என்று திகைக்கின்றன. நம் மொழிக்கென்றே பொறிகள் இருக்கின்றன. 'நாம்', 'நாங்கள்' என்ற இரண்டைவிடக் கூர்மையான பொறி வேறெங்கும் கிடைப்பது அரிது. "எங்களில் எவரும் உங்கள்மேல் கை வைக்க மாட்டோம்" என்று அரசி வாக்களித்தால் கட்டுப்பட்டவர்கள் அவளும் அவள் அவையினரும்தான்; வாயிலில் கட்டியிருக்கும் வேட்டை நாய்கள் 'எங்களில்' சேருமா, அவற்றுக்குக் கை என்று ஒன்று உண்டா என்பதை யாராவது கேட்டிருக்க வேண்டும். மறுபுறம், உங்கள் வீரன் ஒருவன் பதற்றத்தில் "விடியும்வரை நாம் வாளை உறையிலேயே வைத்திருப்போம்" என்று சொல்ல, அரசி அதற்குத் தலையசைத்துவிட்டால், அந்த ஒற்றைச் சொல் அவளையும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டது. எழுவாயை விழுங்கிவிட்டுப் பேசும் நம் பழக்கமும் இதே கதைதான். "திரும்பி வரும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாக்கில் திரும்பி வருவது யார்? தாயா, அல்லது போருக்குப் போய்க் காணாமற்போன தந்தையா?

தொல்காப்பியம் ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களையும் கேட்பவனின் நிலையோடு பிணைக்கிறது: தாழ்ந்தவன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். வரிசையும் மரியாதையும் உயிராக மதிக்கப்படும் ஒரு ஃபே அவையை இந்த ஒரு குறிப்பைக் கொண்டே மூன்று செஷன்களுக்கு நடத்தலாம். அரசியிடம் "அந்த விளக்கைக் கொடு" என்று கேட்டவன் தன்னையறியாமலே அவளுக்கு மேலானவனாகத் தன்னை நிறுத்திக்கொண்டான்; மேலானவனுக்குக் கீழுள்ளவரைக் காக்கும் கடமை உண்டு என்பதால், அரசியின் பகைவர் அனைவரும் அன்றிரவிலிருந்து அவனுடைய பகைவர்கள்.

ஒரு முறை என் மேசையில் வனத்துக் கிழவி ஒருத்தி, "எல்லை கடக்கும்வரை ஒரு வேங்கை உங்களுக்குக் காவல் நிற்கும்" என்று வாக்களித்தாள். குழுவினர் புலிக்குத் தீனி வைப்பது யார் என்பதுவரை இரவெல்லாம் திட்டமிட்டார்கள். காலையில் பாதையின் முனையில் மஞ்சள் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது ஒரு வேங்கை மரம். ஒரு நிமிடம் எவரும் பேசவில்லை; பிறகு ஒருவர், "நிற்கும் என்றுதானே சொன்னாள், வரும் என்று சொல்லவே இல்லையே" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பொறி நியாயமானதா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான்: டிஎம் உரக்கச் சொன்ன சொற்களை மீண்டும் நினைவில் ஓட்டிப் பார்க்கும்போது பொறி அங்கேயே, கண்ணெதிரே, இருந்திருக்க வேண்டும். பிற்பாடு டிஎம் தன் மனத்துக்குள்ளிருந்து எடுத்துச் சேர்க்கும் நிபந்தனை பொறியாகாது, அடாவடியாகும்.

கேள்வி: டிஎம் பொறுப்பை அண்மையில்தான் ஏற்றிருக்கிறேன். ஃபே எதை விலையாகக் கேட்கலாம்? பொன் கேட்டால் சப்பென்று இருக்கிறது. ஒருவருடைய கேரக்டரின் ஸ்ட்ரெங்த்தில், அதாவது உடல்வலிமையைக் குறிக்கும் எண்ணில், இரண்டு புள்ளியைக் குறைத்துப் பார்த்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

பதில்: சுருங்கத்தான் செய்யும். எண்ணைக் குறைத்தால் பகடை உருட்டும்போதெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருக்கும், ஆனால் ஒரு முறைகூடக் கதையாக மாறாது. நல்ல விலை என்பது, கொடுத்த பின்னர் அந்தக் கேரக்டருக்குப் பேசவும் செய்யவும் புதிதாக ஏதேனும் இருக்கும்படி அமைவது. நிழலைக் கேளுங்கள், நண்பகலில் ஊருக்குள் நுழையும்போது குழந்தைகள் விரல் நீட்டட்டும். சிரிப்பொலியைக் கேளுங்கள், அவர் ஓசையில்லாமல் சிரிக்கட்டும், அதே சிரிப்பு பிறகொரு நாள் ஃபே அவையின் திரைக்குப் பின்னாலிருந்து கேட்கட்டும்.

நினைவுகள் இன்னும் சிறந்த பொருள். எங்கள் ஆட்டத்தில் ஒரு வாள்வீராங்கனை, நோயுற்ற தோழனின் உயிருக்கு ஈடாக, தான் முதன்முதலில் வாள் பிடித்த நாளின் நினைவைக் கொடுத்தாள். வாள்திறனில் ஒரு புள்ளியும் குறையவில்லை. ஆறு செஷன்கள் கழித்து, சந்தை நெரிசலில் ஒரு முதியவர் அவளைச் சிறுவயதுப் பெயரால் அழைத்து, "மணிக்கட்டை இன்னும் அப்படித்தான் மடிக்கிறாயா?" என்று கேட்டார். யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கேரக்டரை ஆடியவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, முதியவரிடம் மிகவும் மரியாதையாக, "மன்னிக்க வேண்டும் ஐயா, வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள்" என்றார். அன்றைக்கு நான் தயாரித்து வைத்திருந்த சண்டைக்காட்சியை எடுக்கவே இல்லை.

எல்லாவற்றிலும் கனமான விலை, "பின்னால் ஒன்று கேட்பேன்" என்பது. இதன் வலிமையை விளக்கத் தமிழ் வாசகர்களுக்கு ஃபே கதைகள் தேவையில்லை. தசரதன் கைகேயிக்குக் கொடுத்துவைத்த இரண்டு வரங்கள் போதும். வரம் கொடுத்த நாளில் அதற்கு எடையே இல்லை, அவளும் அப்போது எதையும் கேட்கவில்லை. மூத்த மகனுக்கு முடிசூட்டும் நாள் நெருங்கியபோதுதான் அந்த வாக்கு அரசனின் உயிரைக் குடிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. ஆகவே இத்தகைய வாக்கைக் கொடுத்தவர் கையாலேயே, சொன்ன சொற்கள் மாறாமல், ஒரு சிறு அட்டையில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டுக் கேட்டுவிடாதீர்கள். கேட்கும்போது, செய்ய முடிந்ததாகவும், செய்தால் ஒன்று கெடுவதாகவும், செய்யாவிட்டால் இன்னொன்று கெடுவதாகவும் கேளுங்கள். "உன் நண்பனைக் கொல்" என்று கேட்பது சோம்பேறித்தனம். "நாளை அவையில் உன் நண்பன் உன்னைச் சாட்சிக்கு அழைக்கும்போது வாய் திறவாதே" என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குப் போனதும் உன்னை முதலில் எதிர்கொள்வது எதுவோ அது எனக்கு என்ற பழைய விலையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எதிர்கொள்ளப்போவது சொந்தக் குழந்தைதான் என்பதை அனுபவமுள்ளவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். தெரிந்தே ஆடுகிறவர்கள் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஃபே பொய் சொல்ல மாட்டார்கள் என்பது விதியா, வெறும் வழக்கா?

பதில்: நாட்டார் கதைகளிலிருந்தும் பிற்காலக் கற்பனைப் புனைவுகளிலிருந்தும் வந்த வழக்கு. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தின் 2014-ஆம் ஆண்டு விதிநூல்களில் ஃபே என்பது உயிரினங்களின் ஒரு வகைப்பெயர் மட்டுமே; அந்த வகையினர் அனைவரும் பொய் சொல்ல இயலாதவர்கள் என்று பொதுவிதி எதுவும் இல்லை. ஆகவே உங்கள் மேசையில் எது உண்மை என்பதை டிஎம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பொய் சொல்லக்கூடிய ஃபேயிடம் சொல்லாராய்ச்சி செய்வது வீண்வேலை. ஸோன் ஆஃப் ட்ரூத் என்ற மந்திரத்தை நம்பி அவைக்குள் போவோர்க்கு ஒரு எச்சரிக்கை: அது 15 அடி ஆரத்தில் 10 நிமிடம் நிற்கும், பிடிபட்டவர் தெரிந்தே பொய் சொல்ல முடியாது, ஆனால் மந்திரம் தம்மேல் இருப்பதை அவர் அறிவார், பதிலைத் தவிர்க்கலாம், உண்மையின் எல்லைக்குள் சுற்றி வளைத்தும் பேசலாம். ஃபே எப்போதும் பேசுவது அப்படித்தானே.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் ஃபேயைச் சந்திக்கும்போதெல்லாம் இரண்டு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வருகிறார். முப்பத்திரண்டு உட்பிரிவுகள். மற்ற மூவரும் செல்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

பதில்: அவரைக் குறை சொல்வதற்கு முன், முன்பு எத்தனை முறை அவரைச் சொல் பிடித்து வீழ்த்தினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். சூடு கண்ட பூனைதான் பால் கிண்ணத்தைப் பக்கத்துக்குப் பக்கம் ஆராயும். மேசையில் தண்டனை குறைந்தால் உட்பிரிவுகளும் தாமாகக் குறையும்.

இருந்தாலும் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு வழி உண்டு, நான் கையாண்டு பார்த்தது. ஃபே ஒப்பந்தம் வாயால் மட்டுமே நிகழும், இரு தரப்புக்கும் தலா மூன்று வாக்கியம் என்று வையுங்கள். நான்காவது வாக்கியம் சேர்க்க விரும்புபவர் எதிர்த்தரப்புக்கும் ஒரு வாக்கியத்தை இலவசமாகக் கொடுக்க வேண்டும். உங்கள் நண்பர் ஐந்தாவது பாதுகாப்பைச் சேர்க்க வாய் திறக்கும்போது, அரசி புன்னகையுடன் தன் ஐந்தாவது வாக்கியத்தை எண்ணிப் பார்ப்பாள். அவர் வாயை மூடிக்கொள்வார். மற்ற மூவரும் செல்பேசியைக் கீழே வைத்துவிட்டு, எந்த மூன்று வாக்கியம் என்று குசுகுசுக்கத் தொடங்குவார்கள்.

அந்த மூன்றில் எதை அடக்குவது என்பதற்கு 2007-இல் வெளிவந்த சேஞ்ச்லிங்: தி லாஸ்ட் ஆட்டத்தின் வாக்குறுதி விதிகள் நல்ல வழிகாட்டி. செய்ய வேண்டிய பணி, அதனால் கிடைக்கும் பயன், மீறினால் வரும் தண்டம், எவ்வளவு காலம் என்ற நான்கு உறுப்புகளால் அங்கே ஒரு வாக்குறுதி கட்டப்படுகிறது. நம்மவர்கள் முதல் இரண்டைப் பேசிப் பேசிச் செதுக்கிவிட்டு நான்காவதை மறந்துவிடுவார்கள். எத்தனையோ கேரக்டர்கள் "அரசிக்குப் பணி செய்வேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னமும் பணி செய்துகொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: காலத்தையும் சொல்லியாயிற்று. "ஏழு நாளுக்குள் கண்ணாடியைக் கொண்டுவந்து சேர்ப்போம்" என்றுதான் ஒப்பந்தம். நான்கே நாளில் முடித்துவிட்டோம். அப்படியும் கெடு தாண்டிவிட்டது என்கிறார் டிஎம்.

பதில்: யாருடைய ஏழு நாள்? ஃபே வாழும் மாயநிலமான ஃபேவைல்டில் ஒருவர் கழித்த பொழுது வெளியுலகின் பொழுதோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. 2014-ஆம் ஆண்டு டிஎம் கையேட்டில் இதற்கென விருப்ப விதியாக ஒரு பட்டியலே இருக்கிறது: வெளியேறும்போது இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 7 முதல் 13 வரை விழுந்தால் மாற்றமில்லை. அதற்குக் கீழே நாள்கள் நிமிடங்களாகவோ மணிகளாகவோ சுருங்கும். 14 முதல் 17 வரை நாள்கள் வாரங்களாகும், 18, 19 விழுந்தால் மாதங்களாகும், 20 விழுந்தால் ஆண்டுகளாகும். அதாவது இருபது முகங்களில் ஏழு உங்களுக்கு எதிரானவை. நீங்கள் உள்ளே நான்கு நாள் தேடிவிட்டு வெளியே கண்ணாடியை ஒப்படைக்க வந்தவர்கள் என்றால், வெளியே நான்கு வாரம் கழிந்திருக்க வாய்ப்புண்டு.

ஆனால் இந்தப் பட்டியல் இருப்பதையே உங்களுக்குத் தெரிவிக்காமல் டிஎம் உருட்டியிருந்தால், மேலே சொன்ன அளவுகோலின்படி அது பிழை. காலம் அங்கே வேறு விதமாக ஓடும் என்பதற்கு ஏதாவதொரு தடயம், நரைத்துத் திரும்பிய ஒரு வேட்டைக்காரனோ, பாதி எரிந்து அப்படியே நிற்கும் ஒரு மெழுகுவத்தியோ, உங்கள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பட்டதா என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த முறை "எங்கள் ஊர் வானில் எண்ணும் ஏழு நாள்" என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஒப்பந்தத்தை மீறினால் என்ன ஆகும்? ஒருவரைக் கட்டளைக்குக் கட்டுப்படுத்தும் கீயாஸ் மந்திரத்தை வைத்துச் சமாளிக்கிறேன், சரிதானா?

பதில்: எனக்கு அதில் நிறைவில்லை. 2014 விதிகளின்படி கீயாஸ் ஐந்தாம் நிலை மந்திரம். 30 நாள் நீடிக்கும். கட்டளையை மீறினால் நாளுக்கு ஒரு முறை, பத்து முகப் பகடை ஐந்தை உருட்டி வரும் அளவுக்கு உளவழிச் சேதம். ஏழை விவசாயி ஒருவர் அன்றே இறந்துபோவார். லெவல் எனப்படும் தேர்ச்சிப் படிகளில் உயர்ந்த வீரரோ காலையில் அடியை வாங்கிக்கொண்டு, மருந்தைக் குடித்துவிட்டு, கட்டளையை மீறியபடியே நடப்பார். அதைவிடக் கேவலம், ரிமூவ் கர்ஸ் என்ற மூன்றாம் நிலை மந்திரம் இதை நீக்கிவிடும். ஐந்தாம் லெவல் கிளெரிக், அதாவது மந்திரம் அறிந்த பூசாரி, ஒருவரிடமே அது இருக்கும். ஆயிரமாண்டு வாழ்ந்த அரசியின் வாக்கு ஒரு பூசாரியின் பிற்பகல் வேலையோடு முடிந்துவிடலாமா?

கீயாஸ் என்ற சொல் அயர்லாந்துப் பழங்கதைகளிலிருந்து வந்தது, அங்கே அதன் பொருள் வேறு: ஒரு வீரன்மீது விழுந்த தனிப்பட்ட விலக்கு. கூஹூலின் என்ற வீரனுக்கு நாய் இறைச்சி விலக்கு. வழியில் அடுப்படியிலிருந்து அளிக்கப்படும் உணவை மறுப்பதும் விலக்கு. கடைசிப் போருக்குப் போகும் வழியில் மூன்று கிழவிகள் அவனைச் சாப்பிட அழைக்கிறார்கள். அடுப்பில் வெந்துகொண்டிருப்பது நாய் இறைச்சி. டிஎம்கள் இந்தக் காட்சியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் தண்டத்தைப் பற்றி யோசிப்பதைவிட, ஒரே கேரக்டர் வெவ்வேறு காலத்தில் கொடுத்த இரண்டு வாக்குகளை ஒரே வாசலில் சந்திக்க வைப்பது எவ்வளவோ பயன்தரும். எதை மீறுவது என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். எதை மீறினாலும் சேதப் பகடை வேண்டாம்: ஃபே உலகம் முழுவதும் அவரைச் சொல் தவறியவர் என்று அறிந்துகொள்கிறது, அவ்வளவுதான். வாயில்கள் திறப்பதில்லை, ஓடைகூட வழி சொல்ல மறுக்கிறது, முன்பு சிறிய விலைக்குக் கிடைத்தது இனி முன்பணமாகப் பெரியதொன்றைக் கேட்கிறது.

கேள்வி: ஃபேக்கு நன்றி சொல்லக் கூடாதாமே?

பதில்: நன்றி சொல்வது கடன்பட்டதை ஒப்புக்கொள்வது என்று பல மேசைகளில் வைத்திருக்கிறார்கள். தமிழில் இது இன்னும் பொருந்தும். பழைய வழக்கில் 'நன்றி' என்பதே பெற்ற உதவியைக் குறிப்பது, 'செய்ந்நன்றி' என்கிறோமே, அதுதான். 2021-இல் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸுக்கு வெளிவந்த ஃபேவைல்ட் சாகசமொன்றிலும் விருந்தோம்பல், உடைமை, கைம்மாறு என்ற மூன்று விதிகளே அந்நிலத்தின் அறமாக வைக்கப்பட்டிருக்கின்றன. அன்பளிப்பை வாங்கினால் ஏதாவது திருப்பித் தர வேண்டும். சட்டைப்பையில் எப்போதும் சில அழகான, பயனற்ற பொருள்களை வைத்துக்கொள்ளுங்கள். என் கேரக்டர் ஒரு முறை மிக மோசமான நான்கு வரிக் கவிதையைக் கைம்மாறாகக் கொடுத்துத் தப்பினாள்.

கேள்வி: என் கேரக்டர் தன் மகளின் முகத்தையே மறந்துவிட வேண்டும் என்று ஃபே விலை வைத்தது; குழு சம்மதித்துவிட்டது. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆட்டம்தானே என்கிறார்கள்.

பதில்: நீங்கள் சம்மதித்தீர்களா என்பது கடிதத்தில் இல்லை, உங்கள் கேரக்டரின் நினைவைக் குழு விற்க முடியாது. டிஎம்மிடம் தனியாகச் சொல்லுங்கள்: அந்த விலையை மாற்றியமைக்க வேண்டும், கதையில் காரணம் வேண்டுமானால் பிறகு தேடிக்கொள்ளலாம். குழந்தைகள், நினைவிழப்பு, மனத்தை அடக்கி ஆளுதல் ஆகிய மூன்றும் ஃபே கதைகளில் திரும்பத் திரும்ப வருபவை என்பதால், எவை வரலாம், எவை வேண்டாம் என்பதை முதல் செஷனுக்கு முன்பே எல்லாரும் பேசித் தீர்த்துக்கொள்வது வழக்கம்.

நானும் இதில் சறுக்கியவன்தான். டிஎம்மாக ஒருவரது கேரக்டரின் பெயரைப் பறித்துவிட்டு, மேசையில் யாரும் அப்பெயரைச் சொல்லக் கூடாது என்று விதி வைத்தேன். முதல் மாலை வயிறு குலுங்கச் சிரித்தோம். நான்காவது வாரம் அவர் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். கேட்டபோது, "யாரும் என்னைக் கூப்பிடுவதே இல்லை" என்றார். கேரக்டரை ஏமாற்றப் போய் எதிரே இருந்த மனிதரைத் தனிமைப்படுத்தியிருந்தேன். அன்றே பெயரைத் திருப்பிக் கொடுத்தேன், கைம்மாறு கேட்காமல்.

கேள்வி: ஃபேயை வெல்லவே முடியாதா?

பதில்: முடியும், சாவித்திரி முடித்துக் காட்டியிருக்கிறாள். கணவன் சத்தியவானின் உயிரை எடுத்துக்கொண்டு போகும் எமன், அவள் பேச்சில் மகிழ்ந்து, "இவன் உயிரைத் தவிர எதையும் கேள்" என்கிறான். அவள் அந்த விலக்கோடு மோதவே இல்லை. மாமனாரின் பார்வையைக் கேட்கிறாள், அவர் இழந்த அரசைக் கேட்கிறாள், தன் தந்தைக்குப் பிள்ளைகளைக் கேட்கிறாள். அதன் பிறகு, தனக்கும் சத்தியவானுக்கும் நூறு பிள்ளைகள் வேண்டும் என்கிறாள். வழக்கம்போலத் தந்தேன் என்று சொல்லிவிட்ட பிறகுதான், சொன்னது எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது அவனுக்குப் புரிகிறது.

இதில் விளையாடுபவர்கள் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. எதிராளி எதை விலக்குகிறாரோ அதிலிருந்து அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று தெரிந்துவிடுகிறது. முதல் மூன்று கோரிக்கைகளும் உண்மையானவை, தாமே பயனுள்ளவை, அதனால் ஐயம் எழவில்லை. நான்காவது நிறைவேற வேண்டுமானால் விலக்கப்பட்டது நடந்தே ஆக வேண்டும். உங்கள் அரசி "என் மகுடத்தைத் தவிர எதையும் கேள்" என்று சொன்னால், மகுடம் அணிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய சிறு சிறு செயல்களைப் பட்டியலிடத் தொடங்குங்கள். டிஎம்களுக்கு ஒரு வேண்டுகோள்: குழு இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், அவசரமாக ஓட்டையை அடைக்காமல், எமனைப் போலத் தோற்றுக்கொடுங்கள். அவன் சினக்கவில்லை, வாழ்த்தி அனுப்பினான்.

கேள்வி: பல செஷன்களாகத் தொடர்ந்து ஆடிவந்த எங்கள் கேம்பெயின் போன மாதம் முடிந்தது. அரசிக்குக் கொடுத்த "பின்னால் ஒன்று" அட்டையை டிஎம் கடைசிவரை பயன்படுத்தவே இல்லை. மறந்துவிட்டாரா?

பதில்: அட்டையை வாங்கி, சொற்களைப் பாருங்கள். "நான் செய்வேன்" என்று எழுதியிருந்தால் உங்கள் கேரக்டரின் கதையோடு அது முடிந்தது. "நாங்கள் செய்வோம்" என்றோ "என் குடி செய்யும்" என்றோ எழுதியிருந்தால், அடுத்த கேம்பெயினுக்கு உங்கள் டிஎம் எந்த ஆண்டைத் தொடக்கமாக வைத்திருக்கிறார் என்று மெதுவாக விசாரியுங்கள்; முப்பது ஆண்டுகள் கழித்து என்று பதில் வந்தால், புதிய கேரக்டருக்குக் குடும்பப் பெயர் வைப்பதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள்.